மாயமான மாணவியும் மீன் பார்த்த குருகும்: கதையில் யார் பேசுவது?

இந்த எபிசோடை நாளிதழ்ல வர்ற ஒரு தலைப்பில் இருந்து ஆரம்பிக்கலாம். 'கல்லூரி மாணவி மாயம், தந்தை புகார்.' ஊர்ப் பேரை மட்டும் மாத்திப் போட்டு இதே தலைப்பை நீங்க எத்தனையோ தடவை பார்த்திருப்பீங்க. உள்ளே படிச்சா, மகளைக் காணோம்னு அப்பா ஸ்டேஷன்ல புகார் கொடுத்திருப்பார். அந்தப் பொண்ணு யாரையோ காதலிச்சு, வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கும்.

அந்த 'மாயம்'ங்கற சொல்லை மட்டும் கொஞ்சம் பிடிச்சு நிறுத்துங்க. யாருக்கு மாயம்? அந்தப் பொண்ணுக்குத் தான் எங்கே இருக்கோம்னு தெரியும். கூட இருக்கற பையனுக்கும் தெரியும். மாயம்ங்கறது வீட்டு வாசல்ல நின்னு பார்க்கிற ஒருத்தரோட பார்வை. நிருபர் பொய் எதுவும் எழுதலை. ஆனா கதையை எந்த வாயில் இருந்து சொல்றதுன்னு தேர்வு பண்ணிட்டார். அந்த ஒரு தேர்வுல, கதையோட நாயகி கதையில இருந்தே காணாமப் போயிடறா.

கதை சொல்றதுல இதைப் 'பாயின்ட் ஆஃப் வியூ' என்று சொல்லுவோம். தன்மை, படர்க்கை, எல்லாம் தெரிந்த கதைசொல்லி என்று வகை பிரிப்போம். ஏதோ நாவல் என்ற வடிவம் வந்த பிறகு பிறந்த சமாச்சாரம் மாதிரி இதைப் பேசுகிறோம். ஆனா தமிழில் இதைப் பற்றி ரொம்பப் பழைய, ரொம்பக் கறாரான ஒரு யோசனை இருக்கிறது. அதுக்குப் பேரு 'கூற்று'. இன்னைக்கு அதோட வரலாறுதான்.

வாயும் காதும்

தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்துக்குள்ளே செய்யுளியல் என்று ஒரு பகுதி. ஒரு செய்யுள் எதனால் ஆனது என்று அது ஒரு பட்டியல் போடுகிறது. மொத்தம் 34 உறுப்புகள். அசை, சீர், அடி, தொடை எல்லாம் வரும். அது ஸ்கூல்ல படிச்சதுதான். அதே பட்டியலில் கூற்று என்று ஒரு உறுப்பு, உடனே அடுத்து கேட்போர் என்று இன்னொரு உறுப்பு.

அதாவது யார் பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள் என்ற ரெண்டும் பாட்டுக்கு வெளியே இருக்கிற விளக்கம் இல்லை. சீர், அடி மாதிரி அதுவும் பாட்டோட பாகம். அது சரியா அமையலைன்னா, தளை தட்டின மாதிரி, பாட்டே பழுது.

இன்னும் ஒரு உறுப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேரு 'முன்னம்'. இந்த இடத்தில், இந்தப் பேச்சு, இன்னார் இன்னாருக்குச் சொன்னது என்று கேட்கிறவர் புரிந்துகொள்கிற மாதிரி பாட்டுக்குள்ளேயே குறிப்பு இருக்கணும். வாட்ஸ்அப்பில் பேர் இல்லாமல் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தாலும், பேசற தோரணையை வைச்சே இது அம்மா, இது பொண்ணுன்னு கண்டுபிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி.

அகப்பாடல்களில் கதைசொல்லி என்று தனியா யாரும் இல்லை. 'ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா' என்று மேலே உட்கார்ந்து சொல்கிற குரல் கிடையாது. ஒவ்வொரு பாட்டும் ஒரு பாத்திரத்தோட பேச்சு. பாயின்ட் ஆஃப் வியூ என்ற சொல் யாரோட கண் வழியாகப் பார்க்கிறோம் என்று கேட்கிறது. கூற்று என்ற சொல் யாரோட வாய், யாரோட காது என்று கேட்கிறது. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கேள்விகள்தான். ஆனா கண் தனியா இருந்தும் பார்க்கும். பேச்சுக்கு எதிரே ஒருத்தர் வேணும். எதிரே யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நாம சொல்கிற கதையும் மாறும்.

பேச அனுமதி உள்ளவர்கள்

அடுத்ததுதான் விஷயம். யாருக்கெல்லாம் கூற்று உண்டு என்றும் செய்யுளியல் சொல்கிறது. சாஃப்ட்வேர்ல யாருக்கு எந்த அனுமதின்னு பெர்மிஷன் லிஸ்ட் போடுவோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

களவு, அதாவது கல்யாணத்துக்கு முந்தைய ரகசியக் காதல். அதில் பேசக்கூடியவர்கள் ஆறு பேர்: தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன், பார்ப்பான். கற்பு, அதாவது கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை. அங்கே இந்த ஆறு பேரோடு பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்று இன்னும் ஆறு பேர் சேர்கிறார்கள். ஆக 12 குரல்கள்.

பிறகு கூற்று இல்லாதவர்களின் பட்டியல் வருகிறது. ஊரார், அக்கம்பக்கத்தார், சேரியில் உள்ளவர்கள், தலைவியின் நோயைக் கண்டறிய வருகிறவர்கள். கடைசியாக ரெண்டு பேர்: தந்தை, அண்ணன். இவர்கள் பேசியதை வேறொருவர் எடுத்துச் சொல்லலாம். இவர்களே பேசுகிற மாதிரி பாட்டு கிடையாது.

பரத்தைக்குக் கூற்று உண்டு. பெண்ணோட அப்பாவுக்கு இல்லை.

நம்ம ஊர்ல 'நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க'ன்னு சொல்லுவோம். அந்த நாலு பேரும் அகப்பாடல்களில் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சுக்கு அம்பல், அலர் என்று தனிப் பேரே உண்டு. ஆனா அந்த நாலு பேர் மேடையில் ஏறவே மாட்டார்கள். ஊர் என்ன பேசுதுன்னு தலைவி சொல்லுவா, இல்லைன்னா தோழி சொல்லுவா. ஊரோட பேச்சு எப்பவும் அது யாரைக் காயப்படுத்துதோ அவங்க வாய் வழியாத்தான் நமக்கு வரும். கதை ஒரு பக்கம் சாய்ஞ்சுதான் இருக்கு. அந்தச் சாய்வு தெரிஞ்சே வைச்ச சாய்வு.

ரெண்டு பாட்டு, ரெண்டு வாய்

இதை ஒரு உதாரணத்தோட பார்க்கலாம். குறுந்தொகையில் 40-ஆவது பாட்டு. செம்மண்ணில் விழுந்த மழை மாதிரி நம் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிகிற பாட்டு. எழுதியவர் பேர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையையே பேராக்கி 'செம்புலப்பெயனீரார்' என்கிறோம். 1997-இல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டு மூலம் இது எல்லோர் காதுக்கும் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகையில் போடுகிறார்கள், டி-ஷர்ட்டில் போடுகிறார்கள்.

இப்படி எடுத்துப் போடும்போது அது காதலைப் பற்றிய பொதுவான ஒரு வாசகம் ஆகிவிடுகிறது. ஆனா குறுந்தொகைப் பாடல்களுக்குக் கீழே, இது யார் யாருக்கு எப்போது சொன்னது என்று ஒரு சிறு குறிப்பு இருக்கும். துறைக் குறிப்பு அல்லது கூற்றுக் குறிப்பு என்று சொல்லுவார்கள். பாட்டை எழுதிய புலவரே போட்டது அல்ல, பின்னால் தொகுத்தவர்களோ உரை எழுதியவர்களோ சேர்த்தது என்பது பொதுவான கருத்து. ஒரு ஃபோட்டோவோட மெட்டாடேட்டா மாதிரின்னு வைச்சுக்கோங்க.

40-ஆவது பாட்டின் குறிப்பு என்ன சொல்கிறது? ரெண்டு பேரும் முதல்முதலாகச் சேர்ந்த பிறகு, 'இவன் விட்டுட்டுப் போயிடுவானோ' என்று அவள் பயப்படுகிறாள். அந்தப் பயம் அவள் முகத்தில் தெரிகிறது. அதைப் பார்த்துத் தலைவன் சொன்னது இது.

இப்ப அதே பாட்டை மறுபடி மனசுல ஓட்டுங்க. உன் அம்மாவும் என் அம்மாவும் யாரோ, உன் அப்பாவும் என் அப்பாவும் எந்த வழியில் உறவு, நீயும் நானும் முன்பின் தெரியாதவர்கள் என்று அவன் அடுக்குவது அவளுடைய பயத்துக்குப் பதில். அதே சமயம் அவள் ஏன் பயப்படுகிறாள் என்பதற்கான காரணமும் அதுதான். ரெண்டு வீட்டுக்கும் சம்பந்தம் இல்லை. கேட்க ஆள் இல்லை. அவன் கொடுப்பது ஒரு வாக்கு. அவள் என்ன பதில் சொன்னாள் என்பது பாட்டில் இல்லை, ஏன்னா அது அவன் கூற்று.

அதே குறுந்தொகையில் 25-ஆவது பாட்டு. கபிலர் எழுதியது. இது தலைவி கூற்று, கேட்பவள் தோழி. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போகிறது. அவள் சொல்வது இதுதான்: அன்று அங்கே யாரும் இல்லை, அவன் மட்டும்தான் இருந்தான். அவனே இல்லைன்னு பொய் சொன்னா நான் என்ன செய்வேன்? ஒரே ஒரு குருகு, நாரை வகைப் பறவை, அங்கே இருந்தது. ஆனா அது ஓடுகிற தண்ணியில ஆரல் மீனைப் பார்த்துக்கிட்டு நின்னுது.

இந்த ரெண்டு பாட்டும் வேற வேற புலவர்கள் எழுதியவை, ஒரே ஜோடியைப் பற்றியவை என்று சொல்ல முடியாது. ஆனா அகப்பாடலில் தலைவன் தலைவியின் பேரைச் சொல்லக் கூடாது என்பதும் தொல்காப்பிய விதி. பேர் இல்லாததால் எந்தத் தலைவியும் எந்தத் தலைவனுக்கும் பதில் சொல்ல முடியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அவன் கூற்றில் மழையும் செம்மண்ணுமாக இருந்த அதே காதல், அவள் கூற்றில் சாட்சி இல்லாத ஒரு வழக்கு.

குருகு சாட்சி சொல்லாது

'வழக்கு' என்று நான் சும்மா சொல்லவில்லை. அகநானூறு 256-ஆவது பாட்டில் கள்ளூர் என்ற ஊரில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. ஒருவன் ஒரு இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்துவிட்டு, 'எனக்கு அவளைத் தெரியவே தெரியாது' என்று பொய்ச் சத்தியம் செய்கிறான். ஊர் அவையில் விஷயம் தெரிந்த சாட்சிகளை விசாரிக்கிறார்கள். அவன் சொன்னது பொய் என்று தெரிகிறது. அவனை மரக்கிளையில் இறுக்கிக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டுகிறார்கள். அவையில் பெரிய ஆரவாரம்.

அந்தப் பாட்டு கள்ளூர் வழக்கைப் பற்றியது இல்லை. வேறொரு பெண்ணோடு இருந்துவிட்டு வந்த தலைவனிடம் தோழி பேசுகிறாள். உன்னைப் பற்றி ஊரில் எழுந்திருக்கிற பேச்சு அந்தக் கள்ளூர் அவையின் ஆரவாரத்தைவிடப் பெரிசு என்கிறாள். உவமையாகப் போகிற போக்கில் சொன்னதில்தான் நமக்கு இந்தச் செய்தி கிடைக்கிறது. தொல்காப்பியமும் கற்பியலில், பொய்யும் தவறும் தலைகாட்டிய பிறகே கரணம், அதாவது நாலு பேர் அறிய நடக்கிற திருமணச் சடங்கு, ஏற்படுத்தப்பட்டது என்கிறது. கல்யாணம் என்ற சடங்கே ஒரு சாட்சி ஏற்பாடு.

கள்ளூர்ப் பெண்ணுக்கு மனித சாட்சி கிடைத்தது. மதுரையில் கண்ணகி கையில் ஒரு சிலம்பு இருந்தது, உடைத்துக் காட்டினாள். கபிலரின் தலைவிக்கு இருந்தது ஒரு குருகு மட்டும். அவளிடம் மிச்சம் இருப்பது அவளுடைய பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சுக்கு மரபு இடம் கொடுத்திருக்காவிட்டால் அந்தச் சம்பவம் நடந்ததாகவே யாருக்கும் தெரியாது. அவன் சொன்ன மழையும் செம்மண்ணும் மட்டும்தான் இருந்திருக்கும்.

வேலிக்குப் பின்னால் ஒருவன்

கேட்போர் என்ற உறுப்பை வைத்து இந்தப் புலவர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். நற்றிணைக் குறிப்புகளில் 'சிறைப்புறம்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். தோழி தலைவியிடம் பேசுகிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் தலைவன் நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். பேச்சு இவளுக்கு, சேதி அவனுக்கு. நம்ம வீடுகள்ல சாடையாப் பேசறது என்று சொல்லுவோமே, அதேதான்.

சில பாடல்களுக்கு ரெண்டு குறிப்பு இருக்கும். ஒன்று, தோழி தலைவிக்குச் சொன்னது. இரண்டு, தலைவன் சிறைப்புறத்தில் இருக்கும்போது சொன்னதாகவும் கொள்ளலாம். ஒரு எழுத்துகூட மாறாது. வேலிக்குப் பின்னால் ஒரு ஆளை நிறுத்தினால், ஆறுதலாக இருந்த வரி எச்சரிக்கையாக மாறிவிடும்.

இந்தக் குறிப்புகளின் மதிப்பை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஏ.கே. ராமானுஜன். 1967-இல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற பேரில் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் கொடுத்தபோது, கூற்றையே தலைப்பாக்கினார். 'வாட் ஹீ செட்', 'வாட் ஷீ செட்'. அவன் சொன்னது, அவள் சொன்னது. முதல் வரிக்கு முன்னாடியே யார் வாய் என்று தெரிந்துவிடும்.

மாணவி மாயம், பழைய பதிப்பு

இப்ப நம்ம தலைப்புச் செய்திக்கு வருவோம். பெண் காதலனோடு வீட்டை விட்டுப் போவதற்கு அகப்பாடலில் 'உடன்போக்கு' என்று பேர். அதே சம்பவம்தான். அதை இவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்?

வளர்த்த தாய், செவிலி, தேடிக்கொண்டு காட்டு வழியில் போகிறாள். கலித்தொகை 9-ஆவது பாட்டில், குடையும் உறியும் முக்கோலுமாக எதிரே வருகிற அந்தணர்களிடம், இந்த வழியில் ஒரு பெண்ணும் பையனும் போனார்களா என்று கேட்கிறாள். அவர்கள், 'பார்த்தோம்' என்கிறார்கள். பிறகு சந்தனம் மலையில் பிறந்தாலும் மலைக்கு என்ன பயன், முத்து கடலில் பிறந்தாலும் கடலுக்கு என்ன பயன், யாழில் பிறந்த இசையால் யாழுக்கு என்ன பயன் என்று கேட்டு, அவள் சரியான ஒருவனோடுதான் போயிருக்கிறாள், அறவழியும் அதுதான் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

குறுந்தொகை 7-இல் வழிப்போக்கர்கள் பேசுகிறார்கள். அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு. இந்த வறண்ட வழியில் போகிற இவர்கள் யாரோ, பாவம் என்கிறார்கள். பெற்ற தாயும் புலம்புவாள். ஆனால் தலைவனையோ தலைவியையோ எதிரே நிறுத்திப் பேசுகிற உரிமை அவளுக்கு இல்லை.

அப்பாவும் அண்ணனும் எங்கே? அவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார்கள். நற்றிணை 362-இல் தலைவன் போகிற வழியில் அவளிடம் சொல்கிறான்: சண்டை வந்தால் அஞ்சாமல் மோதி விரட்டுவேன், ஆனால் உன் வீட்டு ஆட்கள் வந்தால் ஒளிந்துகொள்வேன். இந்த ஒரு வரியிலேயே அவர்கள் துரத்தி வருவது, அதில் உள்ள ஆபத்து, அவர்கள் மேல் கை வைக்க அவனுக்கு மனசில்லாதது எல்லாம் தெரிகிறது. ஆனால் வாய் அவர்களுடையது இல்லை. அவர்களுடைய மானம், கோபம், நியாயம் எதையும் அவர்கள் தரப்பில் நின்று நாம் கேட்க மாட்டோம்.

இன்னைக்குச் செய்தியில் இது தலைகீழ். அப்பா புகார் கொடுக்கிறார், அண்ணன் பேட்டி கொடுக்கிறார், ஊர் 'கௌரவம்' பற்றிப் பேசுகிறது. சில சமயம் அந்தப் பொண்ணோ பையனோ உயிரோடு இல்லை என்ற பிறகும், கதை கொன்றவர்கள் தரப்பிலிருந்தே சொல்லப்படுகிறது. 'ஆத்திரத்தில்', 'அவமானம் தாங்காமல்' என்ற சொற்களைப் பாருங்க. அவை ஒருவர் மனசுக்குள்ளே இருந்து எழுதின சொற்கள். யார் மனசுக்குள்ளே போகிறோம் என்பதை அங்கே யாரோ தேர்வு செய்திருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்

இதைக் கேட்டதும், 'ஆஹா, 2000 வருஷத்துக்கு முன்னாடியே பெண் குரல்' என்று ஒரு ரீல்ஸ் போட்டுவிட வேண்டாம். ரெண்டு விஷயம் சேர்த்துச் சொல்லணும்.

ஒன்று, தலைவி கூற்று என்றால் ஒரு பெண் எழுதியது என்று அர்த்தம் இல்லை. ஔவையார், வெள்ளிவீதியார் போன்ற பெண் புலவர்கள் இருந்தார்கள். ஆனா பெரும்பாலான புலவர்கள் ஆண்கள்தான். குருகைப் பார்த்த அந்தப் பெண்ணின் பயத்தை எழுதியவர் கபிலர். வாய் அவளுடையது, கை அவருடையது. அது அந்தப் பாட்டின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனா கூற்றைக் கொடுப்பதும் ஒரு அதிகாரம்தான்.

இரண்டு, அந்தப் பெர்மிஷன் லிஸ்ட் எல்லோருக்கும் ஆனது இல்லை. அடியோர், வினைவலர், அதாவது அடிமை வேலையும் ஏவல் வேலையும் செய்தவர்கள், இந்த ஐந்திணைக் காதலுக்கு உள்ளே தலைவன் தலைவியாக வர முடியாது. வெளியே கைக்கிளை, பெருந்திணை என்று ஒதுக்கிய இடத்தில் வரலாம் என்கிறது தொல்காப்பியம். கலித்தொகை 94-ஆவது பாட்டில் ஒரு கூனியும் ஒரு குறளனும், அரண்மனை ஏவலர்கள், காதல் பேசிக்கொள்கிறார்கள். ஒருவரை ஒருவர் உடம்பை வைத்துக் கிண்டல் செய்வது, கோபித்துக்கொள்வது, சமாதானம் ஆவது என்று போகிறது. அவர்களுக்கும் வாய் கிடைக்கிறது. ஆனா நாம சிரிக்கிறதுக்காகத்தான் அந்த வாய் கொடுக்கப்பட்டதோ என்ற சந்தேகம் படிக்கும்போது வரத்தான் செய்யும்.

அப்பாவின் வாயை மூடிய அதே இலக்கணம் வேலைக்காரியின் வாயையும் மூடியது. பட்டியலின் ஒரு பக்கத்தை மட்டும் கொண்டாட முடியாது.

கூற்று என்ற இந்தப் பழைய கருவியால் இன்னைக்கு நமக்கு என்ன பிரயோஜனம்? சினிமாவோ, செய்தியோ, குடும்பத்துல ஒருத்தர் சொல்ற பழைய சண்டைக் கதையோ, எதைக் கேட்டாலும் நாலு கேள்வி போட்டுப் பாருங்க. யார் பேசறாங்க? யார்கிட்ட? வேலிக்குப் பின்னாடி யார் நிக்கறாங்க? இந்தக் கதையில இருந்தும் பேச விடப்படாத ஆள் யாரு? நாலாவது கேள்விக்குக் கிடைக்கிற பேரை வைச்சு அதே கதையை ஒரு தடவை உங்களுக்குள்ளே சொல்லிப் பாருங்க. 'மாயம்' மாதிரி சில சொற்கள் அந்தப் பதிப்புல தானா உதிர்ந்துடும்.

அப்படி உதிர்ந்த சொல் ஏதாவது உங்க கண்ணுல பட்டா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.